வதந்திக்குத் தகப்பன் யார்?

நமது கொல்லிமலையில் ஒரு பாவை இருக்கிறதாம். அது சிரிக்குமாம், சிரித்தே ஆளைக் கொல்லுமாம். சங்ககாலந்தொட்டு இந்தக் கதை நடக்கிறது. ஆனால் செம்மேட்டுக் கடைவீதியில் நின்று, "ஐயா, அது சிரித்ததைக் கண்ணால் கண்டவர் யார்?" என்று கேட்டால், "பெரியவர்கள் சொன்னார்கள்" என்பதுதான் பதில். இதைக் கேட்டுக் கீழ்நாட்டுப் படிப்பாளிகள் மலைவாசிகளின் அறியாமையைப் பரிகசிக்கிறார்கள். பரிகசிக்கட்டும். ஆனால் 2016-ஆம் வருஷத்தில் சென்னைப் பட்டணத்திலேயே இதே மாதிரி ஒரு கதை 75 நாள் நடந்ததே, அதற்கு என்ன பெயர் வைப்பது?

அவ்வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, முதல் மந்திரி ஜெயலலிதா அம்மையார் அப்போலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றார்கள். பிறகு நோய்த்தொற்று என்றார்கள். சுவாசத்துக்கு உதவி என்றார்கள். 'அம்மா இட்லி சாப்பிட்டார்' என்று மந்திரிமார்கள் சொல்ல, பத்திரிகைகள் அதை அப்படியே அச்சுப் போட்டன. ஒரு படமாவது வெளிவந்ததா? இல்லை. அக்டோபர் 11-ந் தேதி இலாகாக்கள் ஓ. பன்னீர்செல்வத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அம்மாதக் கடைசியில் இடைத்தேர்தல் பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வந்தது.

இந்த நிலைமையில் ஜனங்கள் காதோடு காதாகப் பேசாமல் வேறென்ன செய்வார்கள்? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சேதி, வளைவுக்கு ஒரு முழம் வளராமலா இருக்கும்? சர்க்காரோ, வதந்தி பரப்பினார்களென்று பலர் மீது வழக்குப் போட்டுச் சிலரைக் கைதும் செய்தது. வேண்டுமென்றே பொய் கட்டிவிட்டவனுக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் உண்மையைப் பூட்டி வைத்தவனை விட்டுவிட்டு, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தவனை மட்டும் பிடிப்பது என்ன நியாயம்? மற்றொரு பக்கம் பால்குடமும் மண்சோறும் நடந்தன. வைத்தியம் ஆஸ்பத்திரிக்குள், வேண்டுதல் வீதியில். உண்மை மட்டும் எங்கேயும் இல்லை.

டிசம்பர் 5-ந் தேதி மாலை, அம்மையார் இறந்துவிட்டதாகச் சில டெலிவிஷன்கள் அறிவித்தன. கட்சித் தலைமை நிலையத்தில் கொடி இறங்கியது. ஆஸ்பத்திரி மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது. அன்றிரவு 11.30 மணிக்கு இறந்ததாக நள்ளிரவுக்குப் பிறகு அறிவிப்பு வந்தது. 75 நாள் பொறுத்திருந்தவர்களுக்குக் கடைசி நாளில் சில மணி நேரம் பொறுக்க முடியவில்லை.

மறு வருஷம் செப்டம்பரில் மந்திரி திண்டுக்கல் சீனிவாசன், இட்லி சாப்பிட்டதாகச் சொன்னது பொய்யென்றும், அதற்காக மன்னிக்க வேண்டுமென்றும் மேடையிலேயே சொன்னார். டிசம்பர் 20-ந் தேதி, ஆர்.கே. நகர் ஓட்டுப்பதிவுக்கு முதல் நாள், ஆஸ்பத்திரிப் படம் வெளிவந்தது. ஆறுமுகசாமி கமிஷனின் அறிக்கை 2022-ல் சட்டசபைக்கு வந்தபோது, இறந்தது டிசம்பர் 4-ந் தேதியென்று அதில் கண்டது. ஆஸ்பத்திரிக் கணக்கோ 5-ந் தேதி. ஒரு முதல் மந்திரி இறந்த நாளுக்கே இரண்டு கணக்கு!

நோய் என்பது ஒருவரின் சொந்த விஷயமல்லவா என்று சிலர் கேட்கலாம். நமக்கும் உங்களுக்கும் அது வாஸ்தவந்தான். ஆனால் செம்மேட்டுக் குடியானவனின் ரோடும், பட்டாவும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் எவருடைய சர்க்காரை நம்பியிருக்கின்றனவோ, அவர் வேலை பார்க்கும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்க அந்தக் குடியானவனுக்குப் பாத்தியதை உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவரைப் படமெடுத்து ஊரூராகக் காட்டினார்கள். ஓட்டுக்காகத்தான் என்றாலும், காட்டினார்கள். 2018-ல் கருணாநிதி காவேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பார்க்கப் போன தலைவர்களோடு எடுத்த படம் சில நாளிலேயே வெளிவந்தது. ஆகவே முடியாத காரியம் என்பது பொய்.

தோழர்களே! அறியாமையில் மூடநம்பிக்கை பிறக்கிறது. மறைப்பில் வதந்தி பிறக்கிறது. முதல் மந்திரி நோயுற்றால், உண்மை நிலையைக் குறித்த நாளில் வைத்தியர்களே கையெழுத்திட்டு வெளியிட வேண்டும். மந்திரி சொன்னதைப் போடும் பத்திரிகை, அவர் கண்டு சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா என்பதையும் போட வேண்டும். நாமும், கைப்பேசியில் வந்த சேதியை அடுத்தவனுக்குத் தள்ளுமுன், பார்த்தவன் யார், சொல்பவனுக்கு என்ன லாபம் என்று கேட்க வேண்டும். பாவை விஷயத்தில் கேட்ட கேள்வியை மந்திரி விஷயத்தில் கேட்கப் பயப்படுகிறவன் பகுத்தறிவுக்காரன் ஆகமாட்டான் என்பதே நமது அபிப்பிராயம்.