யந்திரம் சொன்னதா, எஜமான் சொன்னதா?

"நாங்கள் என்ன செய்ய முடியும்? கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லிவிட்டது!"

நிர்வாகங்களுக்கு இன்று கிடைத்திருக்கும் புது மந்திரம் இதுதான். ஆளைக் குறைக்க வேண்டுமா? கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. வேலைப் பளுவைக் கூட்ட வேண்டுமா? கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. ஏழையின் உதவித் தொகையை நிறுத்த வேண்டுமா? அதையும் கம்ப்யூட்டர்தான் சொல்லிவிட்டது. முன்பு மானேஜர் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் ஒட்டுவார். அந்தக் கையெழுத்தைக் காட்டி, "ஏன் ஐயா இப்படிச் செய்தாய்?" என்று கேட்கலாம். இன்று கையெழுத்தும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. திரையில் சில எண்கள் மட்டும் மின்னுகின்றன.

நிர்வாகம் முடிவெடுக்கத் துணை செய்வதற்கென்றே இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாடுகள் தயாராகின்றன. கணக்கைக் கூட்டிச் சொல்வதோடு இவை நிற்பதில்லை. எந்த ஷிப்டில் எத்தனை பேர் போதும், யாருக்குப் பணம் கொடுக்கலாம், யார் மீது சந்தேகம் கொள்ளலாம் என்று யோசனையும் சொல்கின்றன. "யந்திரத்துக்கு ஜாதி கிடையாது, மதம் கிடையாது, வர்க்கமும் கிடையாது. ஆகவே அதன் முடிவு நியாயமானதாகவே இருக்கும்" என்று சில மேதாவிகள் நமக்கு உபதேசம் செய்கிறார்கள்.

மரக்காலுக்கும்தான் ஜாதி, மதம், வர்க்கம் கிடையாது. ஆனால் வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணையார்களை நம் பாட்டன்மார்கள் பார்த்திருக்கிறார்கள். மரக்கால் பொய் சொல்லாது. மரக்காலைச் செய்யச் சொன்னவன்தான் பொய் சொல்லுவான்.

கம்ப்யூட்டரின் கதையும் அதேதான். எதை அளப்பது, எந்த விதிப்படி கூட்டிக் கழிப்பது, ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்று மார்க் போடுவது யார் - இந்த மூன்றையும் மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். எந்த மனிதர்கள் என்பதே கேள்வி!

ஆஸ்திரேலியா கற்றுத் தந்த பாடம்

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஜனங்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

அங்கே வேலை இல்லாதவர்களுக்கும், குறைந்த வருமானக்காரர்களுக்கும் சர்க்கார் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உதவித் தொகை கொடுக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதைப் பொறுத்துத் தொகை கூடும், குறையும். யாராவது கூடுதலாகப் பெற்றிருக்கிறார்களா என்பதை முன்பு உத்தியோகஸ்தர்கள் விசாரித்து, தேவைப்பட்டால் வேலை கொடுத்தவரிடமே கேட்டுப் பார்ப்பார்கள். 2015இல் சோதனையாகத் தொடங்கி, 2016 முதல் இந்த வேலையைச் சர்க்கார் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ரோபோடெட்' - யந்திரம் சுமத்திய கடன்.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்தது? வருமான வரி இலாகாவிடமிருந்து ஒருவருடைய ஓராண்டுச் சம்பளத்தை வாங்கிக்கொண்டது. அதை 26ஆல் வகுத்தது. ஒவ்வொரு இரண்டு வாரத்திலும் அந்த மனிதர் இவ்வளவு சம்பாதித்தார் என்று வைத்துக்கொண்டது. வாங்கிய உதவி இந்தக் கணக்கோடு பொருந்தவில்லையா? அவர் கடன்காரர்!

இதில் உள்ள பித்தலாட்டத்தைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. விவசாயத் தொழிலாளி ஒரு நொடியில் புரிந்துகொள்வார். நடவிலும் அறுப்பிலும் நான்கு மாதம், மாதம் 6,000 ரூபாய் வீதம் 24,000 ரூபாய் கூலி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி எட்டு மாதம் வேலையில்லை, அடுப்பில் பூனை தூங்கியது. இதைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டு, "மாதம் 2,000 ரூபாய் உனக்கு வருமானம் இருந்திருக்கிறது. வேலையில்லாத மாதம் என்று சொல்லி நீ வாங்கிய உதவி மோசடி, திருப்பிக் கட்டு" என்று ஒருவன் நோட்டீஸ் அனுப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் ஆஸ்திரேலியாவில் நடந்தது. நிரந்தர வேலைக்காரரை அந்தக் கணக்கு பெரிதாகத் தொடவில்லை. இன்று வேலை, நாளை இல்லை என்று திண்டாடும் கூலிக்காரரைத்தான் அது குறிபார்த்துத் தாக்கியது.

கவனியுங்கள், கம்ப்யூட்டர் பழுதாகவில்லை! வகுக்கச் சொன்னார்கள், பிழையில்லாமல் வகுத்தது. விதியை எழுதியவர்கள்தான் குற்றவாளிகள்.

முன்பு ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரைத்தான் இப்படி விசாரித்தார்கள். யந்திரம் வந்த பிறகு வாரத்துக்குச் சுமார் 20,000 கடிதங்கள் பறந்தன. "நீ குற்றமற்றவன் என்பதை நீயே நிரூபி" என்றார்கள். பல ஆண்டுகளுக்கு முந்திய சம்பளச் சீட்டைத் தேடி எடுக்கச் சொன்னார்கள். கடையில் நாலு மாதம், தோட்டத்தில் மூன்று மாதம் என்று அலைந்து பிழைத்தவர் அதற்கு எங்கே போவார்? ஆரம்பத்தில் போன கடிதங்களில், விளக்கம் கேட்பதற்கான டெலிபோன் நம்பர் கூடப் போடவில்லை. ஆனால் கடன் வசூலிக்கும் கம்பெனிகளை ஏவிவிட மட்டும் மறக்கவில்லை!

சட்டம் தெரியாமல் செய்துவிட்டார்களா? இல்லை. இப்படிச் சராசரி போட்டுக் கடன் சுமத்துவது சட்டத்துக்குப் பொருந்தாது என்று 2014இலேயே ஒரு இலாகாவின் சொந்த வக்கீல்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த யோசனை அலமாரியில் தூங்கியது. ஏற்பாடு தயாராயிற்று.

நான்கு ஆண்டுகள் ஜனங்கள் போராடினார்கள். 2019 நவம்பரில் பெடரல் கோர்ட்டில், இந்த முறையில் சுமத்திய கடன் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. 2020 மே மாதத்தில் சர்க்கார் பணிந்தது. 4,70,000 கடன்களைத் தள்ளி, சுமார் 72 கோடி டாலரைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. காதரின் ஹோம்ஸ் அம்மையார் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன், இந்தத் திட்டம் நியாயமும் அல்ல, சட்டப்படியானதும் அல்ல என்று 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்னவர்களில், தற்கொலை செய்துகொண்ட இரண்டு இளைஞர்களின் தாய்மார்களும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் உயிரை எந்த டாலரால் திருப்பிக் கொடுப்பது?

மார்க் போட்டது யார்?

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவ்வளவு அக்கிரமம் நடந்தபோது, "ஏற்பாடு நன்றாக நடக்கிறது" என்று நான்கு ஆண்டுகள் சொல்லிவந்தார்களே, எதை வைத்துச் சொன்னார்கள்?

சர்க்காருக்கு எவ்வளவு பணம் மிச்சமாகும் என்பதை வைத்துச் சொன்னார்கள்! நூறு கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று பட்ஜெட்டில் கணக்குக் காட்டினார்கள். எத்தனை நிரபராதிகளுக்குக் கடிதம் போயிற்று, எத்தனை பேர் பயந்து போய் இல்லாத கடனைக் கட்டினார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வலையைப் போட்டவனே மீனை எண்ணி மார்க் போட்டுக்கொண்டான். மீனிடம் யார் கேட்பார்கள்?

மில் தொழிலாளிக்கும் இது புதிதல்ல. நூல் மில்களில் ஒவ்வொரு கதிரிலும் இழை அறுவதைக் கண்டுபிடித்துத் திரையில் காட்டும் கருவிகள் வந்திருக்கின்றன. எந்த பிரேமில் எத்தனை தடவை இழை அறுந்தது என்று நொடிக்கு நொடி கணக்கு ஏறுகிறது. நல்லது. ஆனால் இழை ஏன் அறுகிறது? மட்டப் பஞ்சைக் கலந்தால் அறும். ஹாலில் ஈரப்பதம் குறைந்தால் அறும். தேய்ந்த டிராவலரை மாற்றாவிட்டால் அறும். வேகத்தைக் கூட்டினால் அறும். பஞ்சு வாங்கியது யார்? வேகத்தைக் கூட்டச் சொன்னது யார்? டிராவலருக்குச் செலவு செய்ய மறுத்தது யார்? இவற்றை விட்டுவிட்டு, அறுந்த இழைக்கு எதிரே தொழிலாளியின் நம்பரை மட்டும் காட்டும்படி ஏற்பாட்டைச் செய்தால், திரை என்ன சொல்லும்? "தொழிலாளி சோம்பேறி" என்றுதான் சொல்லும். அதே கருவியில் பஞ்சுக் கலவையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டினால், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் வேறு ஒருவராக இருப்பார்!

அப்படியானால் கம்ப்யூட்டரே கூடாதா?

"தொழிலாளிகள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள்" என்ற பழைய பல்லவியைச் சிலர் உடனே எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டின் கதையைச் சொல்லுவோம்.

1970இல் சிலியில் அலெண்டே ஜனாதிபதியானார். பல ஆலைகள் பொதுச் சொத்தாயின. அவற்றை எப்படிச் சேர்த்து நடத்துவது? 1971இல் பெர்னாண்டோ புளோரஸ் என்ற இளம் இன்ஜினியர், ஸ்டாபோர்ட் பியர் என்ற இங்கிலாந்து நிபுணரை அழைத்தார். 'சைபர்சின்' என்ற ஏற்பாடு உருவாயிற்று. ஆலைகளிலிருந்து உற்பத்தி விவரங்கள் டெலெக்ஸ் மூலம் தலைநகர் சாந்தியாகோவுக்கு வரும். அங்குள்ள கம்ப்யூட்டர், ஏதாவது ஒன்று வழக்கத்துக்கு மாறாகப் போகிறதா என்று பார்க்கும்.

மாறினால் என்ன செய்யும்? இங்கேதான் வித்தியாசம். முதலில் அந்த ஆலைக்கே எச்சரிக்கை போக வேண்டும். அதைச் சரிசெய்ய அவர்களுக்கு அவகாசம் உண்டு. அவர்களால் முடியாவிட்டால்தான் விஷயம் மேலே போகும். மேலேயிருந்து சாட்டையைச் சொடுக்குவதற்காக அல்ல, கீழே உள்ளவர்கள் தங்கள் கோளாறைத் தாங்களே பார்த்துக்கொள்வதற்காக விதி எழுதினார்கள். கம்ப்யூட்டர் அங்கும் கம்ப்யூட்டர்தான். விதி வேறு!

1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் நாட்டையே முடக்கப் பார்த்தார்கள். அப்போது இந்த டெலெக்ஸ் வலைதான் எங்கே சாமான் இருக்கிறது, எங்கே பாதை திறந்திருக்கிறது, எந்த லாரி ஓடுகிறது என்று சர்க்காருக்குச் சொல்லி உதவியது. உணவும் எரிபொருளும் போய்ச் சேர்ந்தன.

ஆனால் சிலியிலும் ஒரு குறை இருந்தது, அதை மறைப்பதால் நமக்கு லாபமில்லை. ஆலை எப்படி நடக்கிறது என்று படம் வரையப் போன இன்ஜினியர்கள் பெரும்பாலும் நிர்வாகிகளிடம்தான் பேசினார்கள். தொழிலாளர் கமிட்டியிடம் கேட்க வேண்டும் என்று திட்டம் சொன்னது. கழுத்துப்பட்டை கட்டிய கனவான்களுக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது போலும்! நல்ல நோக்கம் மட்டும் போதாது, தொழிலாளி தானே உள்ளே உட்கார வேண்டும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறென்ன? அந்தக் குறையைத் திருத்த அவர்களுக்குக் காலம் கிடைக்கவில்லை. 1973 செப்டம்பர் 11இல் ராணுவம் பாய்ந்து அலெண்டே ஆட்சியைக் கவிழ்த்தது. சைபர்சினும் அழிந்தது.

நம் நாட்டில் நடந்தது

நம் விவசாயத் தொழிலாளர்களுக்கு இந்தப் பாடம் நூறு நாள் வேலைத் திட்டத்தில் கிடைத்தது. 2021 மே மாதத்தில் ஒரு கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தார்கள். வேலைத்தலத்தில் நாளுக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகை பதிவாகும். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தலங்களுக்கும் இது கட்டாயம் என்றார்கள். மஸ்டர் ரோல் மோசடியை ஒழிக்கப் போவதாகப் பறைசாற்றினார்கள்.

நடந்தது என்ன? சிக்னல் கிடைக்காத ஊரில், வெயிலில் மண் வெட்டிய பெண்ணுக்கு வருகை பதிவாகவில்லை, கூலி போயிற்று. 2023 பிப்ரவரியில் தொழிலாளர்கள் டில்லிக்குப் போய் தர்ணா நடத்த வேண்டி வந்தது. மோசடியாவது ஒழிந்ததா? சம்பந்தமில்லாத படங்களையும், படத்தைப் படமெடுத்தும் ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஊராட்சி மட்டத்தில் ஒவ்வொரு படத்தையும் மனிதர்கள் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்று உத்தரவும் போட்டது. திருடன் தப்பித்தான். பாடுபட்டவள் கூலி இழந்தாள். கடைசியில் ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டியதாயிற்று! இதை முதலிலேயே மண்வெட்டி பிடித்தவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளே!

நாம் கேட்பது என்ன?

கம்ப்யூட்டரை உடைக்கச் சொல்லவில்லை. அதன் பின்னால் எஜமான் ஒளிந்துகொள்ளக் கூடாது என்கிறோம்.

ஒன்று: எந்தக் கணக்கு நம் வேலையை, கூலியை, உதவியைத் தொடுகிறதோ, அந்தக் கணக்கின் விதியைத் தமிழில் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டு.

இரண்டு: எதை அளப்பது என்று தீர்மானிக்கும்போதே சங்கத்தின் பிரதிநிதியை உட்கார வை.

மூன்று: புது ஏற்பாட்டைப் பழைய கணக்கோடு பக்கத்தில் வைத்துச் சில மாதம் ஓட்டிப் பார். அதுவரை அதைக் காட்டி ஒருவரையும் தண்டிக்காதே.

நான்கு: யந்திரம் என்ன சொன்னாலும் முடிவில் ஒரு உத்தியோகஸ்தர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. நிரூபிக்கும்வரை கூலியில் கை வைக்கக் கூடாது.

ஐந்து: ஏற்பாடு நன்றா, தீதா என்று மார்க் போடும்போது எவ்வளவு மிச்சம் என்பதோடு எத்தனை பேருக்கு அநியாயம் நேர்ந்தது என்பதையும் எண்ணு. அந்த எண்ணிக்கையைச் சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவனுக்கு உண்டு.

இனி, "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று எவராவது வந்தால், மில் வாசலிலும் வயல் வரப்பிலும் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: "சரி ஐயா, கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவன் யார்? அவனைக் கூப்பிடு. அவனோடு பேசுவோம்!"