அவ்வாவின் இருநூறு ரூபாய்

ஓசூரிலிருந்து தளிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் பேளகொண்டப்பள்ளியில் ஒரு தனியார் விமான ஓடுதளமே இருக்கிறது. அதைத் தாண்டினால் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள், கேழ்வரகு வயல்கள். 2019 ஜனவரியில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஓசூரும் ஒன்று. சென்னை, கோவை, சேலம், திருச்சி மற்ற நான்கு. வரட்டும். ஐ.டி.ஐ. படித்த பையன்களுக்கு வேலை கிடைத்தால் சந்தோஷம்தான்.

நான் சொல்ல வந்தது அந்த வேலைக்குப் போக முடியாத ஒருவரைப் பற்றி.

2024-ல் ஒரு நாள், தளிப் பக்கம் ஒரு கிராமத்தில், முதியோர் உதவித்தொகை தர வந்தவர் கையில் மெஷினோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு மூதாட்டி கட்டை விரலை வைக்கிறார், எடுக்கிறார், முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. தெலுங்கு பேசுகிற வீடு என்பதால் ஊரே அவரை ‘அவ்வா’ என்றுதான் கூப்பிடுகிறது. “ரேகை தேஞ்சு போச்சாம் சாமி. களை பறிச்ச கை இல்லியா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆறாவது முயற்சியில் பணம் வந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய்.

அதில் டெல்லியின் பங்கு எவ்வளவு தெரியுமா? அறுபது வயதிலிருந்து எழுபத்தொன்பது வரை உள்ள ஏழை முதியவருக்கு மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். எண்பதைத் தொட்டால் 500. மீதியை மாநில அரசு போடுகிறது. 2023-ல்தான் அது மொத்தத் தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக்கியது. அதுவும் போதாதுதான். ஆனால் அந்த 200 இருக்கிறதே, அது 2006-ல் நிர்ணயித்தது. 2025-26 பட்ஜெட்டிலும் அதே 200.

நடுவில் எத்தனை பிரதமர், எத்தனை நிதியமைச்சர்! காங்கிரஸ் ஆண்டது, பி.ஜே.பி. ஆள்கிறது. 200 மட்டும் அசையவில்லை. உயர்த்துங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டது. யார் காதிலும் விழவில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. 2006-07-ல் பாதுகாப்பு பட்ஜெட், ராணுவ பென்ஷன் சேர்க்காமல், 89,000 கோடி ரூபாய். 2025-26-ல் அதே வகையில் பார்த்தால் சுமார் 4.9 லட்சம் கோடி. ஐந்து மடங்குக்கு மேல்.

“விலைவாசி ஏறிடுச்சு, டீசல் ஏறிடுச்சு, சம்பளம் ஏறிடுச்சு, ஏறாம என்ன சார் பண்ணும்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதையேதான் கேட்கிறேன். ராணுவத்துக்கு ஏறிய விலைவாசி அவ்வாவுக்கு ஏறவில்லையா? அவர் வாங்கும் பருப்பும் எண்ணெயும் இன்னும் 2006-லேயே நிற்கிறதா?

உடனே, “அப்போ எல்லையை யார் காப்பாத்துறது?” என்று சண்டைக்கு வருவார் ஒருவர். 2020-ல் கல்வானில் இருபது வீரர்கள் உயிர் விட்டதை நான் மறக்கவில்லை. எல்லையில் ஆபத்தில்லை என்றும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற வீரருக்கு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பென்ஷனைத் திருத்துவோம் என்று 2015-ல் அரசாணை போட்டார்கள். மிகவும் சரி. மத்திய அரசு ஊழியருக்கு வருஷத்துக்கு இரண்டு முறை அகவிலைப்படி. அதுவும் சரி. ஆக, வயதான காலத்தில் விலைவாசிக்கு ஏற்ப பென்ஷன் ஏற வேண்டும் என்பது டெல்லிக்கு நன்றாகவே தெரியும். அவ்வா என்றால் மட்டும் மறந்துபோகிறது.

அவருக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் ‘இலவசம்’. 2022-ல் பிரதமர் அதை ரேவடி மிட்டாய் என்றார். ஐம்பது வருஷம் அடுத்தவன் நிலத்தில் குனிந்து நிமிர்ந்தவருக்குக் கொடுப்பது மிட்டாயா?

“பணம் எங்கே சார் இருக்கு?” என்பது கடைசி அஸ்திரம். கணக்குப் போடுவோம். இந்தத் திட்டத்தில் நாடு முழுக்க சுமார் 2.2 கோடி முதியவர்கள். 200-ஐ 1,200 ஆக்கினால் ஆளுக்கு மாதம் ஆயிரம் கூடுதல். வருஷத்துக்கு 26,400 கோடி. 2024-25-ஐவிட 2025-26-ல் பாதுகாப்பு பட்ஜெட் கூடியது எவ்வளவு? 59,000 கோடிக்கு மேல். வீரர்களின் பென்ஷன் உயர்வைக் கழித்தாலும் 39,000 கோடிக்கு மேல் நிற்கிறது. இருக்கிற பட்ஜெட்டில் ஒரு துப்பாக்கியையும் குறைக்க வேண்டாம். அந்த ஒரு வருஷ உயர்வைக் கொஞ்சம் நிதானமாகச் செய்திருந்தால் போதும். நாடு முழுக்க அத்தனை அவ்வாக்களுக்கும் ஆறு மடங்கு கிடைத்திருக்கும்.

இப்படிக் கேட்டாலே தேசத்துரோகி என்று முத்திரை குத்துகிறவர்களுக்கு ஒரு சேதி. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்க, 1962-ல், எண்பத்து மூன்று வயதில், அமெரிக்கா போய் கென்னடியையே நேரில் பார்த்தார். அவரோடு ஆயிரம் விஷயத்தில் எனக்குச் சண்டை உண்டு. ஆனால் ஆயுதத்தைப் பற்றிக் கேள்வி கேட்டதால் அவரது தேசபக்தி குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

இருநூறு ரூபாயைக் காலத்துக்கேற்ப உயர்த்துங்கள். அதன்பின் விலைவாசியோடு சேர்ந்து அதுவாகவே ஏறும்படி சட்டம் போடுங்கள். இவ்வளவுதான் கோரிக்கை. அடுத்த முறை எம்.பி. வேட்பாளர் உங்கள் வாசலில் வந்து கும்பிடு போடும்போது, ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்: “2006-ல போட்ட அந்த இருநூறு எப்பங்க மாறும்?”

அவ்வா கேட்க மாட்டார். அவருக்குக் கட்டை விரலைத் துடைத்துத் துடைத்து மெஷினில் வைக்கவே நேரம் சரியாக இருக்கிறது.