கழித்தலும் ஆக்கமே

ஒரு மென்பொருளின் வளர்ச்சியை எதைக் கொண்டு அளப்பது? அதில் சேர்ந்துள்ள புதிய வசதிகளைக் கொண்டு அளப்பதே பலரது வழக்கம். வேண்டாதவற்றை நீக்குவதும் வளர்ச்சியே ஆகும்.

1982ஆம் ஆண்டு, ஆப்பிள் நிறுவனத்தில் லிசா என்னும் கணினியை உருவாக்கி வந்தனர். நிரலாளர் ஒவ்வொருவரும் அவ்வாரம் எத்தனை வரிகள் எழுதினர் என்பதைப் படிவத்தில் குறிக்குமாறு மேலாளர்கள் பணித்தனர். பில் அட்கின்சன் என்பவர் தம் நிரலின் ஒரு பகுதியை அப்போதுதான் திருத்தி எழுதியிருந்தார். அது முன்னிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக இயங்கியது. 2,000 வரிகளும் குறைந்தன. ஆகவே, அவர் படிவத்தில் ‘-2000’ என்று எழுதினார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே மேலாளர்கள் விட்டுவிட்டனர்.

வேண்டாத வசதி சுமையாவதோடு நில்லாது, தீங்கும் விளைவிக்கும். இணையச் செய்திகளைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றி அனுப்ப உதவுவது ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருள். 2012இல் வெளியான அதன் பதிப்பில், இணைப்பு அறுபடாமல் உள்ளதா என்று கேட்டறியும் சிறு வசதி ஒன்று சேர்ந்தது. பெரும்பாலான இணையத்தளங்களுக்கு அது தேவைப்படவில்லை. ஆயினும், அதிலிருந்த பிழையின் வழியே கடவுச்சொற்களையும் பிறர் கவர இயலும் என்பது 2014இல் வெளிப்பட்டது. உடனே, ஓபன்பிஎஸ்டி குழுவினர் அம்மென்பொருளின் படி ஒன்றை எடுத்துச் சீர்செய்யத் தொடங்கினர். முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 90,000 வரிகளை நீக்கினர். வழக்கொழிந்த கணினிகளுக்கான பகுதிகளும் அவற்றுள் அடங்கும்.

ஒருவர்க்கு வேண்டாதது மற்றொருவர்க்கு இன்றியமையாதது ஆகாதா என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் காட்டும் வசதியைச் சிலரே நாடுவர். பார்வையற்றவர்க்கோ அதுவே கண். எனவே, பயன்படுத்துவோரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எதையும் நீக்குதல் தவறு. இழப்பவர்க்கு வேறு வழி உண்டா என ஆராய்தலும், நீக்கும் முன் அறிவித்தலும் கடமையாகும்.

களை எடுக்காத வயலில் பயிர் செழிக்காது. ஆயின், களை எடுப்பவர்க்குப் பயிர் எது, களை எது எனத் தெரிந்திருத்தல் வேண்டும்.

அருஞ்சொற்பொருள்
ஆக்கம் – உருவாக்குதல், வளர்ச்சி
நிரல் – கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பு
கவர்தல் – பறித்துக்கொள்ளுதல்
வழக்கொழிந்த – பயன்பாட்டில் இல்லாத

சிந்தித்து எழுதுக
உம் வீட்டுக் கைப்பேசியிலிருந்து ஒரு வசதியை நீக்கலாம் எனில், எதனை நீக்குவீர்? அதனால் வீட்டில் எவருக்கேனும் இடர் நேருமா?