குளம் வெறும் பள்ளமா?

குளம் என்றால் இன்று பலருக்கும் சென்ட் கணக்குதான் ஞாபகம் வருகிறது. நானும் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன். பதிவேட்டில் குளத்துக்குச் சர்வே எண் உண்டு, பரப்பளவு உண்டு; உள்ளே கிடக்கும் தண்ணீரின் குணத்துக்கு இடம் கிடையாது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்களுக்குத் தண்ணீர் என்றாலே லவாய்சியேதான். தண்ணீர் தனிமம் அல்ல, இரண்டு வாயுக்களின் சேர்க்கை என்று 1783-இல் பாரிஸில் அறிவித்தவர். ஹைட்ரஜன் என்ற பெயருக்கே 'நீரைப் பிறப்பிப்பது' என்றுதான் பொருள்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு. ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பக்கம் லேசான எதிர்மின்னும், ஹைட்ரஜன் பக்கம் நேர்மின்னும் உண்டாகும். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அடுத்ததன் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு தண்ணீரைவிட எடை கூடிய மூலக்கூறு. ஆனால் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீரோ 100 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. இந்தப் பிடி இல்லையென்றால் கடலும் இல்லை, குளமும் இல்லை, நாமும் இல்லை.

சித்திரை மாத நடுப்பகலில் நம்மூர்க் கடற்கரைக் கருமணலில் செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். கால் பொரிந்துவிடும். நாலடி தள்ளி அலையில் கால் வைத்தால் குளிர்ச்சி. வெயில் ஒன்றுதான். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். மணலுக்கு ஏறக்குறைய அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கொதிக்கும் தண்ணீர் ஒரு கிராம் ஆவியாக 540 கலோரி வேண்டும். வெயிலில் குளத்துநீர் ஆவியாகும்போதும் இப்படித்தான் வெக்கையை எடுத்துக்கொண்டு போகிறது. குளத்தங்கரைக் காற்று குளிர்வது அதனால்தான்.

அதே மின்குணம்தான் உப்பையும் கரைக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பைத் தள்ளி நிறுத்தும் என்பது பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு நாற்பதடி ஏறும். அந்த நன்னீரை ஊறவைப்பவை குளமும், வள்ளியாறும், ஏலாவில் தேங்கும் மழையும். கிணற்றில் ஏறிய உப்பைத் தண்ணீர் லேசில் விடாது. காய்ச்சிப் பிரித்தால் விறகுச் செலவு, இயந்திரம் வைத்தால் கரன்ட் செலவு.

"பாசி மூடிக் கிடக்கிற குளத்தால் என்ன பயன்? கட்டடம் வந்தால் ஊர் வளருமே" என்கிறார்கள். பாசி பிடித்தால் தூர் வாரலாம். மூடிய குளத்தை மறுபடி தோண்டிக் கொடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

உங்கள் பக்கத்துக் குளத்தில் மண் லாரி வந்து நின்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். அது இல்லாத மனு மேசையை விட்டு நகராது. உத்தியோக அனுபவத்தில் சொல்கிறேன்.