மூன்றரை வெள்ளிச் சாப்பாடு

பேராக்கின் பீடோரில் கொய்யாவுக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வெளியூர்க்காரர்கள் பை பையாக வாங்கிப் போகிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தட்டில் அந்தக் கொய்யா வாரத்தில் எத்தனை நாள் விழுகிறது? பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு வழங்கும் கூடுதல் உணவுத் திட்டத்தை, ஆர்எம்டி என்று நாம் சொல்வதை, குறைகூற மனம் வராது. பால்மரக் காட்டுக்கு விடியுமுன் போன தாய்மார் பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போன காலம் மலையேறிவிட்டது. ஆனால் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். பசியாறாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2023 வரவு செலவுத் திட்டத்தில் தீபகற்பப் பிள்ளை ஒருவருக்கான தொகை 2.50 வெள்ளியிலிருந்து 3.50 ஆக உயர்ந்தது. சபா, சரவாக்கில் 4 வெள்ளி. நல்லதுதான்.

இனி கணக்கைப் பார்ப்போம். சிறிய பள்ளியொன்றில் 30 பிள்ளைகள் இத்திட்டத்தில் இருந்தால் ஒரு நாளைக்கு 105 வெள்ளி. மாதத்தில் 20 பள்ளி நாள் என்றால் 2,100. சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் ஒரே ஒரு ஆளை வைத்து, சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,700 கொடுத்தால் மிச்சம் 400. ஒரு தட்டுக்கு 67 காசு! எரிவாயு, பெட்ரோல், அரிசி, முட்டை, பழம் எல்லாம் அதற்குள். யாரும் அப்படி ஆள் வைப்பதில்லை. நடத்துபவரே சமைத்து, பரிமாறி, தட்டும் கழுவுகிறார். கூலி இல்லாத அவருடைய உழைப்பில்தான் இந்தத் திட்டம் ஓடுகிறது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் உள்ள பட்டணத்துப் பள்ளியில் மற்ற மாணவர்களிடம் நடக்கும் வியாபாரம் நட்டத்தை ஈடுகட்டும். நாட்டிலேயே அதிகமாக 134 தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட பேராக்கில், 150 பேரைத் தொடாத பள்ளிகள் ஏராளம். அங்கே யாரிடம் விற்பது?

விலைவாசியும் சும்மா இருக்கவில்லை. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசி விலையை 36 விழுக்காடு ஏற்றியது. முட்டைக்கான உதவித்தொகை 2025 ஆகஸ்டு முதல் தேதியோடு முற்றாக நின்றது. அரிசியும் முட்டையும் சந்தையோடு ஏறும். பிள்ளையின் தொகை மட்டும் அடுத்த வரவு செலவுத் திட்டம் வரை காத்திருக்கும்.

கையைக் கடிக்கும்போது எது குறையும்? முதலில் பழம், அடுத்து காய்கறி. அந்த இடத்தில் சாசேஜும் பொரித்த மீயும் சர்க்கரைத் தண்ணீரும் வந்து உட்காரும். 2022 தேசிய சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2019 ஆய்வில் 5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். குட்டையும் பருமனும் ஒரே மலிவுத் தட்டிலிருந்து வரக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செலவை மிச்சப்படுத்த ஓரிடத்தில் அதிகாலையில் சமைத்து வேனில் ஏற்றிப் பல பள்ளிகளுக்குக் கொண்டுபோனால், பிள்ளை வாயில் வைக்கும்போது மணி என்ன? சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் உண்ணவேண்டும் என்று சுகாதார அமைச்சு ஓயாமல் சொல்கிறது. 2024 ஜூனில் கோம்பாக்கில் பள்ளி நிகழ்ச்சி உணவால் 82 பேர் பாதிக்கப்பட்டு, இருவர் மாண்டனர். அவர்களில் ஒருவர் சிறு குழந்தை. அதற்குப் பிறகும் நமக்குப் பதற்றம் வரவில்லையென்றால் எப்போது வரும்?

2020 முதல் எல்லாத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசக் காலையுணவு என்று இங்கே அறிவித்தார்கள். அப்போதைய கல்வி அமைச்சர் பதவி விலகினார், அறிவிப்பும் அடங்கிப்போனது. ஆனால் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய தமிழக அரசின் காலையுணவுத் திட்டம், எந்தப் பிள்ளையிடமும் அப்பன் வருமானத்தைக் கேட்பதில்லை.

தூரத்தால் செலவு கூடுகிறது என்று சபாவுக்கும் சரவாக்குக்கும் 50 காசு கூட்டித் தரும் கல்வி அமைச்சு, பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தாலும் செலவு கூடும் என்பதை ஏற்க வேண்டும். 150 பேருக்குக் குறைவான பள்ளிகளுக்குத் தனி விகிதம் தேவை. ஆண்டுதோறும் சந்தை விலையோடு அதைத் திருத்த வேண்டும். பழத்தை உள்ளூர்த் தோட்டக்காரர்களிடம் நேரே வாங்கப் பள்ளிக்கு அனுமதி வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுத்தில் கேட்கட்டும். பெற்றோரே, நீங்கள் நாளைக் காலையே பள்ளிக்குப் போய்த் தட்டைப் பாருங்கள்.