மார்பு போனால் மானம் போகுமா?

மார்புப் புற்றுநோய் என்றாலே சாவுதான் என்று முடிவு கட்டிய காலம் மலையேறி விட்டது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் ஆப்பரேஷன், கதிர் வைத்தியம், மருந்து ஆகியவைகளைக் கொண்டு உயிரை மீட்டுத் தருகிற அளவுக்கு மனித அறிவு வளர்ந்திருக்கின்றது. ஆனால், டாக்டர் மீட்டுக் கொடுத்த அந்த உயிரை வீடும் ஊரும் எப்படி நடத்துகின்றன என்று பார்த்தால் வெட்கப்பட வேண்டியிருக்கின்றது.

இராயபுரத்திலோ, திருவொற்றியூரிலோ, எண்ணூரிலோ வைத்தியம் முடிந்து வீடு திரும்புகிற பெண்ணைப் பார்த்து, "கை வலிக்கிறதா?" என்று கேட்பவர்களைவிட, "என்ன பாவம் செய்தாளோ" என்று பேசுபவர்களே அதிகம். மருந்தினால் மயிர் உதிர்ந்த தலையைக் கண்டால், சகுனத்துக்கு ஆகாதென்று கலியாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. ஒட்டிக் கொள்ளும் என்று தட்டையும் டம்ளரையும் தனியே வைக்கிறவர்களும் உண்டு. சங்கதி வெளியே தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வராதென்று வீட்டாரே மூடி மறைக்கிறார்கள்.

கர்மவினைதான் புற்றுநோயாக வருகிறதென்றால் ஆஸ்திகர்களை ஒன்று கேட்கின்றோம். இராமகிருஷ்ண பரமஹம்சர் 1886-ல் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். ரமண ரிஷி 1950-ல் கையில் வந்த புற்றுக்கட்டியால் இறந்தார். இவர்கள் செய்த பாவம் இன்னதென்று சொல்ல யாராவது தயாரா? மகான்களுக்கு வந்தால் பிறர் பாவத்தைச் சுமந்தார்கள். மீன்காரிக்கு வந்தால் அவளுடைய சொந்தப் பாவம்! இது எந்த ஊர் நியாயம்? உடம்பிலுள்ள அணுக்கள் கட்டு மீறிப் பெருகுவதுதான் புற்றுநோய். அதற்குச் சாமியாரும் ஒன்றுதான், கூலிக்காரியும் ஒன்றுதான். தொட்டால் அது ஒட்டுவதுமில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. துறைமுகத்தில் கை போனவனை இனி நீ ஆண் அல்ல என்று யாரும் சொல்லுவதில்லை, நஷ்டஈடுதான் கேட்கிறோம். மார்பு போனவளை மட்டும் அரைப் பெண் என்கிறார்கள். காரணம் என்ன? பெண்ணைப் புருஷனுடைய போகப் பொருளாகவும், பிள்ளை பெறும் இயந்திரமாகவும் மதிக்கிற புத்தியே தவிர வேறென்ன?

இது நிற்க. அவளுக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று யோசிப்போம்.

அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்தாலும், அங்கே கதிர் பாய்ச்சினாலும், சிலருக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும். வருஷங்கள் கழித்தும் வீங்கலாம். அந்தக் கையில் சிறு காயம் பட்டால்கூடக் கிருமி புகுந்து, காய்ச்சல் கண்டு, வீக்கம் அதிகமாகலாம். காசிமேட்டில் மீன் வெட்டுகிறவளுக்கோ கத்தியும் முள்ளும்தான் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் லாரித் தண்ணீர்க் குடம் காத்திருக்கிறது. "கையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்" என்று சொல்லியனுப்பினால் போதுமா? தோளுக்கு அப்பியாசம் சொல்லித் தர வேண்டும். தக்கவர்கள் மேற்பார்வையில் படிப்படியாகப் பளு தூக்கிப் பழகினால் கெடுதல் இல்லை, பலமே உண்டாகும் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. வீக்கத்தை அடக்கும் அழுத்த உறையும், விரும்புகிறவர்களுக்கு ரவிக்கைக்குள் வைக்கும் செயற்கை மார்பும் தேவை. பலருக்கு 5 வருஷமோ, அதற்கு மேலுமோ தினம் மாத்திரை உண்டு. அதனால் உடம்பில் அனலடிக்கும், மூட்டு வலிக்கும், அசதி தோன்றும். இதைச் சோம்பேறித்தனம் என்று ஏசுவது மூடத்தனம்.

கூலியின் கதி என்ன? 1948-ஆம் வருஷத்துச் சட்டத்தால் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டத்தில், தகுதியுள்ள தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால் 2 வருஷம் வரை கூலியில் 80 சதவிகிதம் கொடுக்க வழியிருக்கிறது. ஆனால் மீன் கூடைக்காரிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் எந்த முதலாளி சந்தா கட்டியிருக்கிறான்? சர்க்கார் காப்பீடு ஆப்பரேஷன் செலவைத் தாங்கலாம். வேலைக்குப் போகாத நாளில் அடுப்பு எரிவதற்கு அது உதவுமா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தார். அந்த அம்மையார் விதியென்று அழுது ஓயவில்லை, பரிகாரம் தேடி யாத்திரை போகவில்லை. முப்பது வருஷம் முயன்று, 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். துக்கத்தை அறிவால் ஆற்றிக்கொள்வதென்பது இதுதான்.

ஆகவே, ஆஸ்பத்திரி வாசலோடு வைத்தியம் முடிந்ததென்று சர்க்கார் கணக்கை மூடக்கூடாது. வடசென்னையில் வட்டந்தோறும் உள்ள சுகாதார நிலையங்களிலேயே கை அப்பியாசமும், அழுத்த உறையும், மனந்திறந்து பேசி ஆலோசனை கேட்க ஓர் இடமும் இலவசமாய்க் கிடைக்க வேண்டும். வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு உதவித்தொகை வேண்டும். பிழைத்தெழுந்த பெண்கள் ஒன்றுகூடி இவற்றை உரிமையாகக் கேட்க வேண்டும், பிச்சையாக அல்ல.

நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1929-ல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்த இயக்கம் நம்முடையது. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டில் வீங்கிய கையோடு மனைவி குடம் தூக்குவதைப் பார்த்திருப்பவன் சுயமரியாதைக்காரனாக மாட்டான். முதலில் அந்தக் குடத்தை அவன் வாங்கட்டும். பிறகு மேடையேறட்டும்.