இலைக்கு வாய்ப்பூட்டு போடலாமா?

இலைக்கு வாய் உண்டு. ஒன்று அல்ல, ஆயிரக்கணக்கில் உண்டு! கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் அவை. செடி உறிஞ்சும் தண்ணீரில் பெரும் பகுதி இந்தத் துளைகள் வழியாகத்தான் ஆவியாகப் போகிறது.

மண் காய்ந்தால் செடி என்ன செய்யும்? ஓடிப்போக முடியாது. "அப்சிசிக் அமிலம்" என்ற சரக்கைத் தயார் செய்கிறது. அது போய்ச் சேர்ந்ததும் துளைகள் மூடிக்கொள்கின்றன.

ஆனால் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. அமிலம் தானாக நுழைவது கொஞ்சம்தான். மீதியைத் தூக்கிச் செல்லச் சவ்வில் கூலியாட்கள் உண்டு. அவை ஒருவகைப் புரதங்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த "அராபிடாப்சிஸ்" என்ற சிறு செடியில், இப்படி இரண்டு கூலியாட்களை 2010-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஒன்று அமிலத்தை உயிரணுவில் இருந்து வெளியே தள்ளுகிறது. மற்றொன்று, துளைக்கு உதடு போல இருக்கும் உயிரணுக்குள் அதை இழுக்கிறது. இழுக்கும் ஆள் இல்லாத செடியில் துளை மூடத் தாமதம் ஆயிற்று. தண்ணீர் வீணாயிற்று.

"அப்படியானால் கூலியாட்களைக் கூட்டினால் போதுமே, வறட்சியை வென்று விடலாமே!" என்று தோன்றும். அவசரப்படக்கூடாது. கரியமில வாயுவை இலை வாங்குவதும் இதே துளை வழியாகத்தான். அது இல்லாமல் மாவுச்சத்து ஏது? வாயை மூடியே வைத்திருந்தால் தண்ணீர் மிஞ்சும், தானியம் மிஞ்சாது. மழை வந்ததும் திறக்கவும் வேண்டுமே!

தொட்டியில் ஒரு செடி வாடாமல் நின்றதைக் காட்டி, "வறட்சி தாங்கும் விதை" என்று விற்க வருபவரிடம் விவசாயி கேட்கட்டும்: "மழை தவறிய வயலில் எத்தனை மூட்டை கண்டது?"